சந்தனம் பூசிய கொம்பியூட்டர்

கதிரையில் காயப்போட்ட துணி இன்னும் சந்தனம் மணக்கிறது. போன கிழமை உன் கொம்பியூட்டரைத் துடைத்த துணி. எத்தனை சரஸ்வதி பூசையின் சந்தனத்தை அதன் பக்கத்தில் அப்பி வைத்திருந்தாய்! உரசி எடுத்தால் அடியில் விண்டோஸ் லைசன்ஸ் ஸ்டிக்கர். எண்ணும் எழுத்துமாக நீண்டிருந்த வரியில் ஒன்றுகூட மிச்சமில்லை. செத்துப்போனவளை ஏசக்கூடாது என்பார்கள். நான் ஏசினேன். "விசரி, இவ்வளவு பெரிய பெட்டியில உனக்குப் பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கேல்லையோ?"

உனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். மினுங்குகிறதாம், அதுதான் அதன் நெற்றியாம். என் மெஷினைத் தொட நான் விட்டதில்லை. "தள்ளிப் போடி, உள்ளுக்குத் தண்ணி போனா ஆர் திருத்துறது?" என்று கத்துவேன். நீ சிரித்துக்கொண்டே என் கீபோட்டின் மேல் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துவிட்டுப் போவாய்.

இப்போது எனக்கு அந்த ஸ்டிக்கர் ஏன் என்கிறாயா? நான் போகவேண்டும். டொரொண்டோவில் மகளுக்கு இது நிறைமாதம், பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் நாம் இரண்டு சிநேகிதிகளும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு வாடகைக்கு எடுத்த இந்த டைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை என்னை விடுகிறதில்லை. கடையின் சொந்தக்காரர், நாம் மாத்தையா என்று கூப்பிடுகிற சிங்களவர், "வேற ஆளுக்குக் குடுத்திட்டுப் போங்க நோனா" என்கிறார். இந்த வாடகையில்தான் அவர் மனைவிக்கு மருந்து வாங்குகிறார். சாவியை அவர் மேசையில் போட்டுவிட்டு விமானம் ஏற எனக்கு மனம் வராது. அந்த மனிதர் நமக்கு யார் என்று உனக்குத் தெரியும்.

சண்டைக் காலத்தில் உன் ஐசியை, அந்த அடையாள அட்டையை, கவுன் பொக்கற்றோடு சேர்த்துத் தோய்த்தாயே, நினைவிருக்கிறதா? லமினேட் வெடித்து, மை கரைந்து, பெயர் ஒரு நீலக் கறையாகிவிட்டது. காலி வீதிச் சோதனைச் சாவடியில் என் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை விட்டார்கள். உன்னைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். நீதான் நீ என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எத்தனை தரம் சொன்னேன்! ஒருவரும் காதில் போடவில்லை. மாத்தையா சாரத்தை மாற்றக்கூட நில்லாமல் ஓடிவந்து, "மம தன்னவா" என்று மேசையில் தட்டிச் சொன்னார். எனக்குத் தெரியும் இவளை என்று. அதற்குப் பிறகுதான் உன்னை வெளியே விட்டார்கள்.

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பிள்ளை, கடையை மெஷின்களோடு எடுக்கலாமா என்று பார்க்க வந்தாள். ஒரு கந்தோருக்கு டைப்பிங் செய்து கொடுக்கிறாளாம். அவர்கள் திடீரென்று ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம், கள்ள விண்டோஸ் இருந்தால் அன்றோடு வேலை போய்விடுமாம். என் மெஷினின் ஸ்டிக்கரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உன்னுடையதைப் பார்த்தாள்.

"இதுக்கு ஐசி இல்லையே அக்கா."

"நிக்கட்டும் தங்கச்சி, நான் பாத்துச் சொல்லுறன்," என்றேன்.

விற்கிற மெஷினை வெறுமையாக்கித்தானே கொடுக்கவேண்டும். ஊர்ச்சனத்தின் பாஸ்போட்டும் கலியாணப் பதிவும் எல்லாம் அதற்குள் அல்லவா கிடக்கின்றன! ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் அழித்து, திரும்ப விண்டோஸ் போட்டேன். உன் மெஷின் இன்டர்நெட்டைப் பிடித்ததும், என்னிடம் ஒன்றுமே கேளாமல், லைசன்ஸ் சரி என்று காட்டியது. என்னுடையது மூலையில் சாம்பல் எழுத்தில் லைசன்ஸ் இல்லை என்றது. ஸ்டிக்கரில் இருந்த எண்ணை எத்தனை தரம் அடித்தும் ஏற்கவில்லை.

அப்போதுதான் நீ சொன்னது விளங்கியது. மருதானையில் என் மெஷினுக்கு நான் மதர்போட் மாத்திக்கொண்டு வந்த அன்று, "லைசன்ஸ் பழைய மதர்போட்டோட போயிட்டுதடி, உந்த ஸ்டிக்கர் இனிச் சும்மா கடதாசி" என்றாய். நான் கேட்டேனா? மருதானையில் அதைத் திருத்தின பெடியன் ஏதோ கள்ள விண்டோஸைப் போட்டு ஓடவிட்டிருக்கிறான், இவ்வளவு காலமும் அதில் வேலை செய்திருக்கிறேன். புதிதாக லைசன்ஸ் வாங்கலாமே என்பாய். விசாரித்தேன். இப்போது விற்கிற விண்டோஸை அந்தக் கிழட்டு மெஷின் தாங்காதாம்.

அதே பெடியனுக்கு ஒரு கோல் எடுத்தால் முடிந்தது. அவன் வந்து பழையபடி போட்டுவிட்டுப் போவான், ஸ்டிக்கர் பளிச்சென்று இருக்கிறது, அந்தப் பிள்ளை சந்தேகப்படவே மாட்டாள், நான் மகளிடம் போயிருப்பேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், திரும்பவும் எடுத்தேன். கோபத்தில் அழுகை வந்தது. உன்மேல் கோபம், மாத்தையாமேல் கோபம், பிறக்கப்போகிற பிள்ளைமேல்கூடக் கோபம். ஆனால் என்னை நம்பி வருகிற ஒருத்தியை நாளைக்கு ஆராவது வந்து பிடித்து நிறுத்தட்டும் என்று அனுப்ப என்னால் முடியவில்லையடி. பொலிஸ் வாசலில் நின்ற எனக்கு அது முடியாது.

திங்கட்கிழமை அவள் வந்ததும் இரண்டு திரையையும் காட்டி உள்ளதைச் சொன்னேன். குனிந்து இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் சரியா இருந்திருந்தா கடையை எடுத்திருப்பன் அக்கா. இன்னொண்டு வாங்க இப்ப வழியில்ல. இந்தச் சந்தனம் பூசினதை மட்டும் தாங்கோ, வீட்டில வச்சுச் செய்யிறன்."

கொடுத்தேன். ஓட்டோவில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். உன் மேசை வெறுமையாகக் கிடக்கிறது. செத்துப்போனது ஒரு தரம், இப்போது இது. இரண்டாம் தரமும் நீ எனக்கு முன்னால் வெளியே போய்விட்டாய். நான் உள்ளே இருக்கிறேன், பளிச்சென்ற ஸ்டிக்கரோடு இருக்கிற இந்தச் செத்த பெட்டிக்கு முன்னால். கொப்பி எடுக்க ஆட்கள் வருகிறார்கள், எடுத்துக் கொடுக்கிறேன். மாத்தையா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இன்று காலை மகள் எடுத்தாள். "டிக்கெட் போட்டாச்சோ அம்மா?"

வரிசையில் நிற்கிற சனத்துக்கு நீ சொல்வது என் வாயில் வந்தது. "கொஞ்சம் இரு பிள்ளை, இப்ப முடிஞ்சிடும்."

நீ சொன்னால் ஆட்கள் நம்பி இருப்பார்கள். அவள் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.