சப்போரோவில் பூக்காத ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு, பவானி வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொன்னால் அம்மாவுக்கும் கேட்கும் என்று எழுதுகிறேன். ஜப்பான் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லும் உங்கள் சிநேகிதர் உதயசூரியன் மாமா நேற்று இங்கே லைங் தாயா தொழிற்பேட்டையில் எங்கள் விடுதிக்கு வந்தார். ஜப்பானின் வடக்கே, சப்போரோவில் நான்கு வருடம் இருந்தாராம். பிப்ரவரியில் பனி விழா, கோடையில் வாணவேடிக்கை என்று அழகாகத்தான் பேசினார்.

"நம்ம திஞ்ஜான் தண்ணித் திருவிழா சமயத்துல அங்க செர்ரி பூத்திருக்குமா மாமா?" என்றேன்.

"கொட்டிக் கெடக்கும்மா! இங்க நீங்க தண்ணி ஊத்துறப்ப அங்க நாங்க மரத்தடியில சோறு தின்போம்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. திஞ்ஜான் வரும் ஏப்ரல் நடுவில் சப்போரோவில் பனியே முழுதாகக் கரைந்திருக்காது, செர்ரிப் பூ அந்த மாதக் கடைசியில்தான் வரும் என்று ஜப்பானிய வகுப்பில் படித்திருக்கிறேன். அங்கே ஒரே ஒரு வருடம் இருந்தவருக்கும் இது தெரிந்திருக்கும்.

பாஸ்போர்ட்டைக் கேட்டார், ஊரில் இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டேன். அதை இந்தக் கடிதத்தோடு பொட்டலத்தில் வைத்து அனுப்புகிறேன், அவர் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பட்டம் வாங்கியவள் தையல் ஃபாக்டரியில் இருக்கிறாளே என்ற உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும், அப்பா. பயப்பட ஒன்றுமில்லை. அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கடை ஊறுகாயோடு தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அறைத்தோழி லதா தன் பாஸ்போர்ட்டை நேற்றே அவரிடம் கொடுத்துவிட்டாள். இப்போது என் எதிரில் புதுக் கம்பளிச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பொட்டலத்தை ஒட்டியதும் அவளிடம் சொல்ல வேண்டும்.

அவசரத்தில்,
பவானி