நீ டைகருக்குப் போட்ட எலும்பு

இன்று காலை மாதாகோவிலில் பூசை முடிந்து திரும்பும்போது, கறிக்கடை ஓரத்தில் தேக்கிலையில் மடித்துக்கொண்டிருந்த பச்சைக் கறியின் வாடை மூக்கில் ஏறியது. நீ இருந்தபோது அந்த இடம் வந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துவிடுவாய். நான் நின்று எலும்பு கேட்பேன். இன்று முன்னால் நடக்க யாரும் இல்லை, நானும் என்னையறியாமல் நின்றுவிட்டேன். கடைக்கார பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன டீச்சரம்மா, இந்தப் பக்கம் நிக்கறதே இல்லையே! மறுபடி நாய் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. உன்னைப் பற்றி ஊரில் யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. அதனால் உன்னிடமே பேசுகிறேன். நீ என்னை ஏமாற்றிவிட்டாயடி.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வாத்திச்சிகளாக அரியலூருக்கு வந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த ஓட்டு வீட்டை எடுத்தபோது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்து ரயில்கள் வந்து நின்று போகும். அரிசியும் கிடையாது, மண்ணெண்ணெயும் கிடையாது, திருட்டுக்கு மட்டும் குறைவில்லை. கொல்லையில் காயப்போட்ட உன் சேலை போயிற்று. பிறகு என் வெண்கலப் பானை போயிற்று. இரண்டு பொம்பளைகள் தனியாக இருக்கிற வீடு என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று நீ அழுதாய். வரதராசன்பேட்டையிலிருந்து என் அண்ணன் ஒரு குட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து விட்டார். முந்திரிக்காட்டில் முயல் பிடிக்கிற சாதி. நீதான் அதற்கு டைகர் என்று பேர் வைத்தாய். வைத்த அன்றைக்கே பூனையைப் பார்த்துப் பயந்து உன் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது.

எங்கள் வீட்டில் நாய்க்கு எலும்பு என்றால் பச்சை எலும்புதான். வேட்டையாடின இடத்திலேயே அதன் பங்கை வெட்டிப் போட்டுவிடுவார்கள். திருச்சி டவுனில் வளர்ந்த உனக்கு அது தாங்கவில்லை.

"பச்சையாவா போடுவே? ரத்த ருசி கண்டா நாய்க்கு வெறி புடிச்சிரும்டி!"

"வெறியும் புடிக்காது ஒண்ணும் புடிக்காது. வேக வச்ச எலும்புதான் ஆகாது. வெந்தா மொறுமொறுன்னு ஆயிரும். கடிச்சா ஊசி ஊசியா ஒடைஞ்சு கொடலக் கிழிச்சிரும். பச்சை எலும்பு மெல்ல மெல்ல மசியும்."

நீ நம்பவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு வெட்டின ஆட்டின் கழுத்தெலும்பையோ விலாவையோ, கறி ஒட்டினபடி, டைகரின் வாய்க்கு அடங்காத பெரிய துண்டாகக் கேட்டு வாங்குவேன். சின்னத் துண்டென்றால் மெல்லாமல் விழுங்கிவிடும். நல்லி எலும்பு வேண்டாம் என்பேன், அது பல்லை உடைத்துவிடும். வெறும் வயிற்றில் கொடுத்தால் அவசரப்படும் என்று முதலில் கொஞ்சம் கூழ் ஊற்றுவேன். பிறகு கொல்லையில் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் எலும்பைப் போட்டுவிட்டு, அது கடித்து முடிக்கிற மட்டும் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் விழுங்குகிற அளவுக்குச் சிறுத்துப்போனதும் ஒரு வெல்லத்துண்டைக் காட்டி அதை வாங்கிவிடுவேன். மீந்ததைப் புதைத்துவிட்டுச் சாம்பல் போட்டுக் கை கழுவுவேன். கொஞ்ச நாளில் நீயும் இன்னொரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உன் மவன் பல்லு விளக்கறாருடி" என்று கேலி செய்ய ஆரம்பித்தாய். வெந்த எலும்பு ஆகாது என்பதை யார் மறந்தாலும் நீ மறக்க வழியில்லை. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி இலையிலிருந்து ஒரு எலும்பை எடுத்து டைகரிடம் வீசப்போனபோது, அவர் கையைப் பிடித்துத் தடுத்தவளே நீதானே.

தவக்காலம் வந்தால் மட்டும் நமக்குள் சண்டை வரும். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா திருநாள் வரைக்கும் நாம் இருவரும் கறி தொடுவதில்லை என்று வைத்திருந்தோம். நாய்க்கும் அப்படித்தான் என்றாய் நீ. "அதுக்கென்ன ஞானஸ்நானமா குடுத்திருக்கு, ஒருசந்தி இருக்க?" என்றேன் நான். நீ சிரிக்கவில்லை. சுத்தபோசன வீட்டில் இரத்தம் சொட்டுகிற கறி நுழையக் கூடாது என்றாய். ஒரு வருசம் உனக்காக நான் இறங்கிவந்தேன். டைகரும் தவக்காலம் முழுக்க மோரும் சோறும் தின்றுகொண்டு, என் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. பெரிய சனிக்கிழமை காலையில் எனக்கு மனசு தாளவில்லை. ஒரு விலா எலும்பை வாங்கிக் கொல்லை வழியாகக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ பார்த்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாய். அது வழக்கம்போல நிதானமாகக் கடித்து முடித்தது. மீந்ததை நான் வாங்கிப் புதைத்தேன்.

மறுநாள் பாஸ்கா. பூசை முடிந்ததும் நான் அண்ணன் வீட்டுக்கு வண்டியேறிவிட்டேன். பள்ளிக்கூடத்து டீச்சர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்ததால் நீ வரவில்லை. ரெண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது டைகர் கிணற்றடியில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றிருந்தது. வாலை ஆட்டப் பார்த்தது, முடியவில்லை. வாந்தியில் ரத்தம். வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது.

மாட்டு டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு போட்டீங்களா?" என்று கேட்டார். சனிக்கிழமை ஒரு பச்சை விலா போட்டேன் என்றேன். வெந்த எலும்பு ஏதாவது தின்றதா என்றார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் இல்லாதப்ப ஏதாச்சும் போட்டியாடி?"

"மோருஞ்சோறுந்தான்" என்றாய். கண் இமைக்காமல் சொன்னாய்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, அப்படியானால் அந்த விலாவாகத்தான் இருக்கும் என்றார். பொழுது சாய்வதற்குள் டைகர் போய்விட்டது. முருங்கை மரத்தடியில் குழி வெட்டியபோது மண்வெட்டியைப் பிடித்தவள் நீ. குழியை மூடிவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, பெரிய சனிக்கிழமை அதுவுமா ரத்தத்தோட கொண்டாந்தா ஆண்டவருக்கே பொறுக்குமா?" என்றாய். அப்படிச் சொன்னதற்கு உனக்கு என்ன அவசியம் வந்தது? பொய்யோடு நிறுத்தியிருக்கலாமே. என் மேல் ஆண்டவரையும் ஏவிவிட வேண்டுமா?

நான் நம்பினேன். அண்ணனிடம் சொன்னபோது அவருக்கே புரியவில்லை. "நம்ம வூட்டு நாயெல்லாம் பச்சை எலும்புலதானே வளருது, ஒங்கையில மட்டும் எப்படி இப்படி ஆச்சு?" என்றார். என் கைதான் ஆகாத கை என்று முடிவு கட்டிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், தவக்காலக் கட்டுப்பாட்டை மீறினேன், ஒரு வாயில்லாச் சீவனைக் கொன்றேன் என்று முழங்காலில் இருந்து சொன்னேன். சாமியார், "நாய் செத்தத ஒம்மேல போட்டுக்காதே, மகளே" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கொடுத்த அபராதம் சின்னதுதான். எனக்கு அது போதவில்லை. நானாகவே வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையை முழுக்க முழங்காலிலேயே செய்தேன். நீயும் என் பக்கத்தில் முழங்காலில் வந்தாய். என்னைவிட உரக்க மந்திரம் சொன்னாய். என் துக்கத்தில் பங்கெடுக்க இப்படி ஒருத்தி கிடைத்தாளே என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அது உனக்கு ஞாபகம் இருந்ததா?

அதற்குப் பிறகு நம் வீட்டில் நாய் இல்லை. சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அன்று, என் வகுப்புப் பெண்கள் ஒரு செவலைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்தார்கள். அது என் விரலைச் சப்பியது. எனக்கு ஆசை பொங்கியது. என் மடியிலிருந்து அதை எடுத்து அவர்களிடமே கொடுத்து, "டீச்சருக்கு நாய் ஆகாது, கொண்டு போங்க" என்று நீ சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

இந்த வருசம் உனக்குக் காய்ச்சல் வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்தபோது லீவு போட்டுவிட்டு நான்தான் கூட இருந்தேன். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு வாய் வாங்கிக்கொண்டு, சாதாரணமாக ஊர்க்கதை சொல்வதுபோல் ஆரம்பித்தாய்.

"டைகருக்கு அந்தப் பாஸ்கா அன்னிக்கு எலையில கெடந்த சேவலெலும்பெல்லாம் நாந்தான் அள்ளிப் போட்டேன். தவக்காலம் பூரா வாயப் பாத்துக்கிட்டே கெடந்துச்சே. எல்லாரும் திங்கறப்ப மனசு கேக்கல. ஒரு நாள்தானே, என்ன ஆயிரப்போவுதுன்னு போட்டேன்."

கரண்டியைக் கஞ்சியிலேயே வைத்துவிட்டேன்.

"அந்த வாரமே சாமியார்கிட்ட சொல்லிட்டேன். நீ அவர்கிட்ட போறதுக்கு முந்தியே. அந்தப் பாவம் தீந்துபோச்சுடி."

"எங்கிட்ட?" என்றேன்.

"ஒங்கிட்ட சொன்னா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயம்" என்றாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய், களைப்பாக இருக்கிறது என்றாய். அதற்குப் பிறகு உனக்கு நினைவு தெளியவே இல்லை. நான் வாயில் வைத்திருந்த பதிலை விழுங்கிக்கொண்டேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று சாமியார் என்னருகில் வந்து, இப்படி ஒரு சிநேகிதத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். உன் பாவத்தையும் கேட்டு, நான் செய்யாத பாவத்தையும் கேட்டு, ரெண்டையும் வாய் திறக்காமல் வைத்திருந்த மனுஷர் அவர். அவரை நான் குறை சொல்ல முடியாது, அவர் வாயைப் பாவசங்கீர்த்தன இரகசியம் கட்டியிருந்தது. உன் வாயை யார் கட்டினார்கள்?

டைகருக்கு நீ எலும்பு போட்டதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பசித்த நாயைப் பார்த்து மனசிளகிப் போட்டாய். அதே மனசோடுதான் முந்தின நாள் நானும் போட்டேன். ஆண்டவரிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டாய், அதுவும் சரி. ஆனால் அவருக்கா அந்த நாய் செத்தது? எனக்கல்லவா செத்தது? நான் என் கையையே வெறுத்துக்கொண்டு சோறு தின்றதை ஒரே வீட்டில், எதிர் மணையில் உட்கார்ந்து, நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தாயே.

கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன், பூசை வைக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்கிற சொல் மட்டும் வரமாட்டேன் என்கிறது, வராததை வந்ததாகச் சொல்ல நான் நீயில்லை. என்னிடம் மிச்சமிருப்பது, ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொல்ல முடியாமல் போன அந்தப் பதில்தான். அன்றைக்கே நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். நீ வடித்த சோற்றைத் தொடாமல் பட்டினி கிடந்திருப்பேன். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியில் சேலைகளை அடுக்கியிருப்பேன். நீ வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து அழுதிருப்பாய். அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருக்கும், அந்தச் சித்திரை வெயிலில் ஒரு குடைக்குள் ரெண்டு பேரும் பேசாமல் நடந்து போயிருப்போம்.

அவ்வளவுதான் நடந்திருக்கும். உன்னை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டேனடி.