தங்கச்சி வேலை பார்க்கும் கம்பெனி

12 பிப்ரவரி 2002

அன்புள்ள சுண்டுவுக்கு,

நாங்கள் நலம். உனக்கு வேலை கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். என்ன கம்பெனி என்று யாராவது கேட்டால், "ஏதோ தேடித் தர்ற கம்பெனியாம்" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடியைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

நீ சொன்ன பக்கத்தை அலுவலகத்தில் திறந்து பார்த்தேன். வெள்ளைத் தாள், நடுவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். கடைக்காரர்களின் விளம்பரத்தோடு நான் போடுகிற தொலைபேசி டைரக்டரியில் விரல்கடை இடம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. முன்பக்கம் முழுவதையும் சும்மா விட்டுவைத்திருக்கிற முதலாளியிடம் எத்தனை நாள் இருப்பாய்? சரிப்படவில்லையென்றால் கிளம்பி வா. எனக்குக் கீழே உனக்கு எப்போதும் ஒரு மேசை உண்டு.

விளம்பரத் தொழிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். குழாய் உடைகிற வரை யாரும் பிளம்பரை நினைப்பதில்லை. உடைந்த நிமிஷத்தில் யார் பெயர் கண்ணில் படுகிறதோ அவனுக்குத்தான் வேலை. நாம் விற்பது அந்த நிமிஷத்தைத்தான். பதினோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கிக் கற்றது. தங்கச்சிக்கு இலவசம்.

உன் அக்கா

3 செப்டம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் எழுதுவதெல்லாம் எங்கோ சேமிப்பில் கிடக்கிறது. உனக்குப் பேனாவால் எழுதினால்தான் மனம் விட்டு எழுத வருகிறது.

முன்பக்கத்தைக் காலியாக விட்டது சோம்பலால் இல்லை. வருகிறவர் கேட்டதை வாங்கிக்கொண்டு சட்டென்று போய்விட வேண்டும், அப்போதுதான் நாளைக்கும் வருவார். விளம்பரம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பிளம்பர் என்று தேடினால் பிளம்பர் விளம்பரம் மட்டும் ஓரமாக வரும். அந்தச் சொல்லை விளம்பரக்காரர்கள் ஏலம் கேட்கிறார்கள். அதிகம் கேட்டவர் மட்டும் ஜெயிப்பதில்லை. மக்கள் எதை அதிகம் சொடுக்கிப் பார்க்கிறார்களோ, அதற்கும் மேலிடம் உண்டு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் இருந்த கூட்டத்தில், நாம் விற்பது அந்த நிமிஷத்தை என்று சொன்னேன். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. இப்போது அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தனிப் பிரிவும் கொடுத்துவிட்டார்கள். உன் வாக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். டைரக்டரி போடுகிற அக்கா என்றால் சிரிப்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். மன்னித்துவிடு.

சுண்டு

20 நவம்பர் 2006

அன்புள்ள சுண்டுவுக்கு,

மூன்று வருஷமாக உனக்கு நான் எழுதியதெல்லாம் அம்மாவின் மூட்டு வலியும் வானிலையும்தான். இன்றைக்கு உள்ளதை எழுதுகிறேன்.

போன மாதம் பத்திரிகையில் உன் படம் வந்தது. கம்பெனியின் வளர்ச்சிக்குப் பின்னால் இருக்கும் மூளை என்று கீழே போட்டிருந்தார்கள். வரைபடக் கம்பெனியை வாங்கியது, வீடியோக் கம்பெனியை வளைத்தது, எல்லாவற்றிலும் உன் கை இருக்கிறதாம். அம்மா அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நீ என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டைரக்டரியில் விளம்பரம் போட்டுவந்த பல் டாக்டர்கள் மொத்தமாக என்னை விட்டுப் போய்விட்டார்கள். பூட்டு ரிப்பேர்காரர் பதினைந்து வருஷப் பழக்கம். அவரும் தயங்கித் தயங்கி, "உங்க தங்கச்சி கம்பெனியிலதான் போடுறேன், வெளியில போகல" என்று ஆறுதல் சொல்கிறார். இந்த வருஷப் புத்தகம் அம்மாவின் மாத்திரைச் சீட்டுக் கத்தை அளவுக்கு இளைத்துவிட்டது.

சுவரில் எழுதிய வாக்கியத்துக்குக் கீழே யார் பெயர் போட்டிருக்கிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்கா

9 நவம்பர் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

சுவரில் இருக்கும் அந்த வாக்கியத்துக்குக் கீழே யார் பெயரும் இல்லை. கேட்டதற்கு நாலு வருஷம் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டிக்கொள்.

இப்போது எங்கள் கவலையெல்லாம் கைப்பேசி. மேசைக் கணினியை விட்டு மக்கள் கைப்பேசிக்குப் போகிறார்கள். அங்கே வாசலில் வேறொருவன் நின்றுவிட்டால் எங்கள் கதை முடிந்தது. அதனால் கைப்பேசியை இயக்கும் மென்பொருளை நாங்களே செய்து, தயாரிப்பாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். ஒரு நிபந்தனை மட்டும். முதல் திரையில் எங்கள் தேடல் பெட்டிதான் இருக்க வேண்டும், மற்றவர்களுடையதை வைக்கக் கூடாது.

நம் ஊர்களில் எலெக்ட்ரீஷியன், தச்சர் எல்லாரையும் தேடித் தருகிற ஒரு சின்னக் கம்பெனி உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். தேடல் முடிவுகளில் அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளுவது பற்றியும் பேச்சு வந்தது. தரம் குறைவு என்று காரணம் எழுதிக்கொள்ளலாம் என்றார் ஒருவர். அது உண்மையில்லை என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். நானும் சம்மதம் என்று கையைத் தூக்கினேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்ததும் கிழித்துவிடு.

உன் புத்தகத்தின் நிலையை அம்மா சொன்னாள். நீ இங்கே வந்துவிடேன். உள்ளூர் வணிகங்களுக்கென்று புதுப் பிரிவு வருகிறது. என் பிரிவுதான், எனக்குக் கீழே. உன்னைப் போல அந்தத் தொழில் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை.

சுண்டு

17 மார்ச் 2012

அன்புள்ள சுண்டுவுக்கு,

உனக்குச் செய்தி இதற்குள் வந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

போன வருஷம் டைரக்டரியை மூடினேன். அதற்குப் பின்னால், உன் கம்பெனி மற்றவர்களை அமுக்குகிறது என்ற புகாரை விசாரிக்கும் அரசு விசாரணைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. உன் கம்பெனியால் நொடித்துப்போனவர்கள் சாட்சி சொல்லலாம் என்று. கிழிக்கச் சொன்ன உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

விசாரணை அறை சின்னது. நாற்காலிகள் போதாமல் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். வக்கீல் கடிதத்தை உயர்த்திப் பிடித்து, "இது உங்க தங்கச்சி கையெழுத்துதானா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அவங்களே உங்களுக்கு எழுதினதா?"

"எனக்கு மட்டும் எழுதினது" என்றேன்.

அவர் நீ கையைத் தூக்கிய வரியை உரக்கப் படித்தார். அந்தச் சின்னக் கம்பெனிக்காரர் எனக்கு முன்வரிசையில் இருந்தார். இளவயசுக்காரர்தான். தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்து என் கையைப் பிடித்து, நியாயத்துக்காகச் சொந்தத் தங்கையைக்கூடப் பார்க்கவில்லை என்று நெகிழ்ந்துபோய்ப் பேசினார். எனக்குக் கூசியது.

நியாயத்துக்காக நான் கொடுக்கவில்லை, சுண்டு. எனக்குக் கீழே என்று நீ எழுதிய அன்றைக்கே கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். விசாரணை என்று ஒன்று வராவிட்டாலும் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பேன். என் வாக்கை எடுத்துக்கொண்டாய், என் தொழிலை எடுத்துக்கொண்டாய், அம்மாவின் பேச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டாய். ஒரு நாளாவது நீ தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அன்றைக்கு நீ அங்கே இல்லை. அறிமுகமில்லாத ஒருவர்தான் குனிந்தார்.

திட்டியாவது எழுது.

அக்கா

30 ஜூலை 2012

அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. இனி புதுக் கைப்பேசியைத் திறந்ததும் எந்தத் தேடல் வேண்டும் என்று வாங்கியவரையே கேட்க வேண்டும். அந்தச் சின்னக் கம்பெனியையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் மக்கள் எங்களையேதான் தொடுகிறார்கள். போன மாதம் இன்னும் மூன்று கம்பெனிகளை வாங்கினார்கள். எங்கள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ராஜினாமா செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டேன்.

கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது தப்பு. விசாரணைக் குழுவுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது சரிதான். அந்த இளவயசுக்காரருக்கு நானே எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் போட்டார், மரியாதையாகவே.

ஆனால் அதை நான் எழுதியது என் அக்காவுக்கு. நீ செய்ததில் ஊருக்கு நல்லது நடந்திருக்கிறது. எனக்கு நீ செய்ததை அதைக்கொண்டு நேர் செய்துகொள்ள என்னால் முடியவில்லை. முயன்று பார்த்தேன். நாலு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தது அதற்காகத்தான்.

வயிறு எரிகிறது என்று நீயே எழுதியதால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பொறாமை உனக்கு இருப்பது எனக்கு எப்போதோ தெரியும். உன் கடிதம் வந்தால் அதைத்தான் முதலில் தேடுவேன். அது இருந்தால், நான் நன்றாக இருக்கிறேன் என்று தோன்றும். அந்த வேலையை நான் விரும்பியதில் பாதி அதற்காகத்தானோ என்று இப்போது யோசிக்கிறேன்.

சனிக்கிழமை காலை அம்மாவுடன் போனில் பேசுவேன். நீ எடுத்தால், ஒன்றும் கேட்காமல் அம்மாவிடம் கொடுத்துவிடு.