மோ ஈ யோ

ஆவணி 6, சனி.

இன்று இருந்தவர்கள்: நான், மகன் செல்வராசு, ஜப்பான்கார மருமகள் யூகி, ஐந்து வயதுப் பேத்தி ஹனா, கார் டிரைவர்.

ஹனாவுக்குத் தமிழ் வராது. அதனால் கண்ணாமூச்சிக்கு அவள் ஊர்ச் சொற்களை யூகியிடம் போனில் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். 'மோ ஈ கை' என்றால் ஒளிந்தாயிற்றா. 'மாதா தயோ' என்றால் இன்னும் இல்லை. 'மோ ஈ யோ' என்றால் வந்து தேடு.

ஹனா முருங்கை மரத்தில் முகம் புதைத்து, "மோ ஈ கை?" என்றாள். என் முட்டி மடங்கவில்லை. "மாதா தயோ" என்றேன். மறுபடி கேட்டாள். "மாதா தயோ." ஒருவழியாக வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து, "மோ ஈ யோ" என்றேன். பிள்ளை வரவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் வந்தது.

எழுந்து ஓடினேன். கண்ணாடிக்குள்ளே ஹனா அழுதாள். யூகி தலை குனிந்திருந்தாள்.

"அரியலூர்ல சிநேகிதன் காத்திருக்கான்மா. நாளைக்கு ப்ளைட்டு. போன்ல வெளையாடிக்கலாம்."

"ஒரு நிமிசம்டா. என்னைக் கண்டுபுடிச்சுட்டுப் போகட்டும்."

"ஒனக்கு வேற வேலையில்லையாம்மா?" என்று ஏறிவிட்டான்.

அவன் அப்பா சாவுக்கு வராததைக்கூட மன்னித்தேன். இதை மன்னிக்க மாட்டேன். மன்னிக்க முடியாதவன் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன்:

செல்வராசு.