கம்பி மேலேதான் இருந்தது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம், அதற்கு ஸ்தோத்திரம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுகிறார், அது வலியாலா, என் மேல் இருக்கிற கோபத்தாலா என்று தெரியவில்லை. பின்பக்கத்துக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை, பிளம்பர் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடிக்கிறான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் போதும், நீ "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் என் வாயை நீ அடைக்க முடியாது, அதனால்தான் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பிரசங்கத்தைக் கேட்டோம். இயேசுவைக் கண்ணால் கண்ட சாட்சிகளைப் பற்றிப் பேசியிருந்தாய். குறை சொல்ல முடியாது, நன்றாகப் பேசுகிறாய், குரலை எங்கே ஏற்ற வேண்டும் எங்கே இறக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாய். மகதலேனா மரியாள் கல்லறையிலிருந்து ஓடிவந்து சொன்னபோது, பெண்பிள்ளை பேச்சு என்று ஆண்கள் தட்டிவிட்டார்கள் என்று நீ உருகிச் சொன்ன இடத்தில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் இதே குரல் என்னிடம் "அம்மா, நீங்க ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிடுங்க, நமக்கேன் வம்பு" என்று சொல்லியிருந்தது.  எந்த வாயால் அதைச் சொன்னாய், எந்த வாயால் இதைப் பேசினாய் என்று கேட்கத்தான் உடனே போன் போட்டேன், மருமகள் எடுத்து, அவர் கூட்டத்தில் இருக்கிறார் அத்தை என்று சொன்னாள். பாவம், அவளை வேறு பொய் சொல்ல வைத்துவிட்டாய், பின்னால் உன் இருமல் எனக்குக் கேட்டது.

நடந்ததை அன்று நீ பாதிதான் கேட்டாய், இப்போது முழுவதும் கேள். நம் சபை மூப்பர் நடத்துகிற லாண்டரியில் ஈர பெட்ஷீட்டை இழுத்துத் தேய்க்கிற அந்தப் பெரிய சூட்டு உருளையை உனக்குத் தெரியும், ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து இரண்டு பேர் உள்ளே விட வேண்டும். இந்த மூலையில் நான், அந்த மூலையில் நாங்கள் வாயாடி என்று கூப்பிடுகிற பெண், நம் சபையைச் சேர்ந்தவள் இல்லை, பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கிறது, அதில் விரல் பட்டால் மிஷின் நின்றுவிடும். விரல் பட்டால் மட்டும் நின்றால் பரவாயில்லை, ஷீட் கொஞ்சம் சுருண்டு தடித்து வந்தாலும் நின்றுவிடும், நின்றால் ஷீட்டில் பழுப்புக் கோடு விழும், சூப்பர்வைசர் குதிப்பார். அதனால் பழைய ஷீட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கம்பியை மேலே தூக்கி மிஷினின் உச்சிச் சட்டத்தோடு கட்டிவிடுவார்கள், பார்வையிட யாராவது வருகிறார்கள் என்றால்தான் அவிழ்ப்பார்கள். அன்றைக்கும் கட்டித்தான் இருந்தது. ஷீட்டின் ஓரம் மடங்கிக்கொண்டது, அதை நீவிவிட அவள் கையை நீட்டினாள், நாங்கள் எல்லோரும் காலையிலிருந்து மாலை வரைக்கும் செய்வதுதான். ஷீட்டோடு சேர்த்து உருளை அவள் கையையும் இழுத்துக்கொண்டது. நான் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை, சோற்றில் கை வைத்தால் அதுதான் வருகிறது. வேன் டிரைவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சூப்பர்வைசர் என்ன செய்தார் தெரியுமா, கம்பியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டிப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் அலறிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்தார், நான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார், எதிரி கொண்டுவந்த பெரிய ஆபத்திலிருந்து கர்த்தர் நிறுவனத்தைக் காத்துக்கொண்டாராம். லாண்டரியில் பாதிப் பேர் நம் சபைக்காரர்கள்தானே, எல்லோரும் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவள் கையைக் கர்த்தர் ஏன் காக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, "தொழிலாளர் ஆபீஸ்லேருந்து விசாரிப்பாங்க, கம்பி கீழதான் இருந்துச்சு, அவதான் கவனமில்லாம கைய விட்டுட்டா, இவ்வளவுதான் நாம சொல்லணும்" என்று பாடம் நடத்தினார். துவைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள் எல்லோரும் ஓர் எழுத்துப் பிசகாமல் அதையே போய்ச் சொன்னார்கள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிக்கிற மாதிரி. உன் பிரசங்கத்தில் நீதான் சொன்னாய், உயிர்த்தெழுந்த அந்தக் காலையைப் பற்றிச் சுவிசேஷங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை, ஒருவர் ஒரு தூதன் என்கிறார், இன்னொருவர் இரண்டு பேர் என்கிறார், கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது, உண்மையாகப் பார்த்தவர்கள் அப்படித்தான் முன்னே பின்னே சொல்வார்கள் என்று. சரியாகச் சொன்னாய், நான் இங்கே கண்கூடாகப் பார்த்துவிட்டேன். சூப்பர்வைசர் கதை இன்னும் அழகு. "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன், எதையும் பார்க்கவில்லை, ஆனால் கம்பி கீழேதான் இருந்தது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்லறைக் காவல்காரர்களுக்குக் காசு கொடுத்து, நாங்கள் தூங்கும்போது சீஷர்கள் வந்து உடலைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லச் சொன்னார்களே, தூங்கினவனுக்குத் திருடன் யார் என்று எப்படித் தெரிந்ததாம்? அந்த வம்சம் அழியவே இல்லை, நம் லாண்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயாடிக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். எப்போதும் அவள் பேச நாங்கள் கேட்போம், அன்று நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கடைசியில், இனி மகளுக்குத் தலை பின்ன முடியாது இல்லையா அக்கா என்று கேட்டு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி, "ஏன்க்கா, உங்க சாமி செத்து எழுந்ததைப் பாத்தோம்னு அந்தக் காலத்துல சொன்னாங்களே, அவங்களும் உங்க சபை ஆளுங்க மாதிரிதானா?" என்று கேட்டாள். தம்பி, அவளுக்கு என்ன சொல்வது? வேதம் முழுவதும் படித்தவன் நீ, நீயாவது சொல். இயேசு தன் கையால் ஒரு புத்தகம் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. பார்த்தவர்கள் வாயைத் திறந்து சொன்னதால்தான் நமக்குக் கிடைத்தது, அடி வாங்கியும் அதையே திருப்பிச் சொன்னதால்தான் மற்றவர்கள் நம்பினார்கள். அன்றைக்கு அவர்களும் நமக்கேன் வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் இன்று எதை வைத்து நீ பிரசங்கம் பண்ணுவாய்? நாம் கண்ணால் பார்த்ததையே மாற்றிச் சொன்னால், நாம் பார்க்காத ஒன்றைச் சொல்லும்போது எந்த மடையன் நம்புவான்? வாயாடி நம்பமாட்டாள், நான் அவளாக இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

அதனால் நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், கம்பி மேலேதான் இருந்தது, துணியால் கட்டியிருந்தது, பிறகு அதை அவிழ்த்துப் பைக்குள் போட்டவர் இன்னார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு வேலை இல்லை, நன்றாக ஓய்வு எடுங்கள் சகோதரி என்று மூப்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வயதாகிவிட்டது, நீராவியில் கண்ணாடி மங்கி ஒன்றும் தெரிந்திருக்காது என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். மிஷின் அறையில் என் கண்ணாடி கழுத்தில்தான் தொங்கும், எனக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்துத்தான் தெரியாது, எதிர்மூலையில் நிற்கிறவள் கை நன்றாகவே தெரியும். சபையில் என் பெஞ்சில் இப்போது தாராளமாகக் காலை நீட்டி உட்காரலாம், பக்கத்தில் ஒருவரும் வருவதில்லை. அப்பா மட்டும் வந்து உட்காருகிறார், பேசுவதில்லை, ஆனால் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறார்.

மூப்பர் உன் படிப்புக்கு உதவினார், அவர் சொன்னதால்தான் இந்த ஊழியம் உனக்குக் கிடைத்தது, நன்றி மறக்கக் கூடாது என்று சொல்கிறாய். நன்றியை உன் வாயால் காட்டு, வாயாடியின் கையை வைத்துக் காட்டாதே. பேதுருவும் நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டேதான் இயேசுவைத் தெரியாது என்று சொன்னான். ஆனால் சேவல் கூவியதும் அவனுக்கு அழுகை வந்தது, உனக்கு நான் இவ்வளவு கூவியும் வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, நேற்று அந்த அலுவலகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். விசாரிக்கிற அதிகாரி ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினாள். கம்பியைக் கட்டுகிற வழக்கமே எங்களிடம் கிடையாது என்று மூப்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார், "நீங்க ஒருத்தர் மட்டும் சொன்னா நிக்காதும்மா, இப்ப அங்க வேலையில இல்லாதவங்க, முன்னாடி கட்டினதைப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். ஒரு வாய் போதாது, இரண்டு வாய் வேண்டும் என்பது மோசே காலத்திலிருந்தே இருக்கிறது, இந்த அலுவலகத்திலும் அதுதான் சட்டமாம்.  உன் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டேன். வேதாகமக் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் விடுமுறை நாட்களில் அதே மிஷினில் எனக்கு எதிர்மூலையில் நின்றவன் நீ. எங்களுக்கு எட்டாது, ஸ்டூல் வேண்டும், நீ உயரம். காலையில் மிஷினைப் போட்டதும் சூப்பர்வைசர் "தம்பி, கட்டிடுப்பா" என்பார், நீதான் எட்டிக் கட்டுவாய். அதையும் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள்.

நீ அவர்களுக்கு என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை போனதைவிட, பெஞ்சில் தனியாக உட்காருவதைவிட, இது தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கர்த்தர் உன்னையும் மருமகளையும் எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். இருமலோடு தொண்டையைக் கிழித்துக்கொண்டு பேசாதே, வெந்நீர் குடி, மருமகளை அதட்டாதே. அலுவலகத்துத் தபால் இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வரும், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியது. வீட்டில் இல்லை என்று மருமகளைச் சொல்ல வைத்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

உன்னைப் பெற்றதற்காக இன்னும் ஜெபிக்கிற,
அம்மா