முழங்கால் தண்ணீர்

786
தூத்துக்குடி
2-5-1959

அன்புள்ள மாப்பிள்ளை பீர் முகைதீன் அவர்களுக்கு, செய்யது அபுதாஹிர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் வீட்டாரும் சுகம். தங்கச்சி ஷரீஃபுன்னிசாவும் நீங்களும் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். சலாம் சொல்லியாகிவிட்டது. இனி எழுதப்போவது சண்டை.

போன வாரம் தோணியில் வந்த கொழும்புச் சரக்கை இறக்கிவிட்டு, திருச்செந்தூர் பஸ்ஸுக்கு நின்றேன். பெட்டிக்கடையில் 'தென்கடல் தீவு யாத்திரை' என்று ஒரு புத்தகம் தொங்கியது. ஆசிரியர், விருதுநகர் காலண்டர் ஏஜெண்டு பீர் முகைதீன். அட, நம்ம மாப்பிள்ளை என்று வாங்கினேன். கடலைக் கண்டால் தலை சுற்றும் என்று சொல்லி, கல்யாணத்துக்கே இங்கே வராமல் பெண்ணை விருதுநகருக்கு வரவழைத்தவர் நீங்கள். நீங்கள் எப்போது மினிக்காய் போனீர்கள், எப்போது மன்னார் போனீர்கள் என்று பிரித்துப் பார்த்தால், அத்தனையும் என் கடிதம்! சுக்கான் பிடித்துப் போன ஊரையெல்லாம், வாசல் தாண்டாத தங்கச்சி படித்துச் சந்தோஷப்படட்டும் என்று ஐந்து வருஷமாக எழுதினேன். அவள் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததை எடுத்து அச்சடிக்க உங்களுக்கு யார் சாவி கொடுத்தது?

அதோடு விட்டீர்களா? காயல்பட்டினத்தில் சின்னம்மா முறையாகும் நம் சாச்சி குல்சார் பேகம் செய்து கொடுத்த தேங்காய்ப்பால் வட்டலப்பத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 'யாத்ரீகர்கள் அங்கே சாப்பிடத் தவறக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்து, தெருப்பெயரையும் போட்டுவிட்டீர்கள். மதுரையிலிருந்து ஏழு பேர் போய்க் கதவைத் தட்டி, "வட்டலப்பம் ரெடியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆம்பிளை இல்லாத வீடு. சாச்சி கதவுக்குப் பின்னால் நின்றபடி, "இது குடியிருக்கிற வீடுய்யா, கிளப்புக்கடை இல்லை" என்று அழுதிருக்கிறார். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

புத்தகத்தை உடனே நிறுத்துங்கள். வஸ்ஸலாம்.

செய்யது அபுதாஹிர்


விருதுநகர்
11-5-1959

கோபக்கார மச்சான் அவர்களுக்கு, பீர் முகைதீன் சலாம்.

கடிதம் கிடைத்தது. திட்டுவதற்காவது அழகாக எழுதக் கற்றிருக்கிறீர்கள். என் கைக்கு வந்தபோது உங்கள் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. அதை உட்கார்ந்து திருத்தி, ஊர்வாரியாகப் பிரித்து, சிவகாசிக்கு நாலு நடை நடந்து அச்சேற்றியவன் நான். பெட்டியில் கிடந்தால் கரையான்தான் படித்திருக்கும். என் பெண்டாட்டி பெட்டியைத் திறக்க நான் யாரிடம் சாவி கேட்க வேண்டும்?

கடல் பார்க்காதவன் கடலைப் பற்றிப் புத்தகம் போடலாமா என்கிறீர்கள். பஞ்சாங்கம் அடிக்கிற பிரஸ்காரர் சந்திரனுக்குப் போய்விட்டா வந்தார்? சாச்சி விஷயத்தில் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி என் மூளையை நீங்கள் மெச்ச வேண்டும். கடிதங்களில் இருந்த தேதி, மாதம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டேன். காலண்டர் வியாபாரிக்குத் தெரியும் அந்த சூட்சுமம். தேதி போட்ட சரக்கு தை பிறந்தால் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். தேதி இல்லாத புத்தகம் பத்து வருஷம் ஓடும். கடலும் தீவும் எங்கே ஓடிப்போகப் போகின்றன? இன்றைக்கு இருக்கிற இடத்தில்தானே நாளைக்கும் இருக்கும்!

பீர் முகைதீன்


தூத்துக்குடி
25-5-1959

மாப்பிள்ளைக்கு,

தேதி, மாதத்தையெல்லாம் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். மறுபடி புத்தகத்தை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். அட பாவி மனுஷா, என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

நாற்பத்தோராம் பக்கம். 'சிப்பிக்குடாவிலிருந்து நண்டுத்திட்டுத் தீவுக்கு முழங்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். குழந்தை குட்டியோடு கால் மணி நேரம்.' அதை நான் எழுதியது பங்குனியில். அப்போது கடல் கண்மாய் மாதிரி கிடக்கும். ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று திரும்பினால் அதே இடத்தில் ஆள் ஆழம். அடியில் மணலை அரித்துக்கொண்டு நீரோட்டம் ஓடும். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருஷம் கடலில் கிடக்கிற நானே ஆடியில் அங்கே காலை வைக்க மாட்டேன்.

ஆடி அமாவாசைக்கு உங்கள் கரிசக்காட்டு ஜனம் முழுக்கக் கடலாட வரும். கண்மாய்த் தண்ணீரை மட்டும் பார்த்து வளர்ந்த ஜனம். புத்தகத்தில் போட்டிருந்தால் அல்லாஹ்வே சொன்னது போல நம்பும்.

என் பெயர் போகட்டும், உங்கள் பெயரே இருக்கட்டும். புத்தகத்தையும் நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு துண்டுச் சீட்டு அடித்து அந்தப் பக்கத்தில் ஒட்டுங்கள். 'பங்குனி, சித்திரையில் மட்டும். மற்ற மாதங்களில் இறங்கக்கூடாது.' அவ்வளவுதான் கேட்கிறேன். தோணியைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறோம். ஜூன் கடைசி வரை இங்கேதான் சும்மா கிடப்பேன். உடனே பதில் போடுங்கள்.

செய்யது அபுதாஹிர்


விருதுநகர்
20-6-1959

மச்சான் அவர்களுக்கு,

சீட்டு அடிக்க முடியாது. சிவகாசியில் காலண்டர் ஆர்டர் தொடங்கிவிட்டது. மெஷின் மூச்சு விடாமல் ஓடுகிறது. இந்த சீசனில் போய்த் துண்டுச் சீட்டு என்று நின்றால், பிரஸ்காரர் ரத்தினசாமி என்னைச் சரவெடியோடு சேர்த்துத் திரி கட்டிவிடுவார். அதுவும் போக, என் புத்தகத்தில் தப்பு இருக்கிறது என்று நானே சீட்டு ஒட்டினால் எந்தக் கடைக்காரன் தொடுவான்?

உங்கள் தங்கச்சிக்கு நீங்கள் தனியாக எழுதிய கார்டையும் பார்த்தேன். அவள் வீட்டிலிருந்த பிரதிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் பேனாவால் 'இறங்கக்கூடாது' என்று எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பது எழுதிய பிறகுதான் பிடித்தேன். மைக்கூட்டைச் சாக்கடையில் கொட்டினேன். "ஆரும் செத்துப்போனா என்ன செய்வீக?" என்று என்னையே எதிர்த்துக் கேட்கிறாள். எழுதிய நாற்பதும் கழிவுக் காகிதமாகப் போயிற்று. வீட்டுக்குள் கலகம் மூட்டுவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜனத்துக்குக் கண் இல்லையா, மச்சான்? ஆழமாக இருந்தால் திரும்பி வரத் தெரியாதா?

பீர் முகைதீன்


கொழும்பு
20-7-1959

மாப்பிள்ளை,

காற்று ஓயவில்லை. தோணியைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கிறோம். இங்கேயே அலை இப்படி என்றால் சிப்பிக்குடாவில் எப்படி இருக்கும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அமாவாசை ஆகஸ்டு நாலாம் தேதி. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் வயதில் இளையவர், ஆனாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கடை கடையாகப் போய் அந்த ஒரு தாளையாவது கிழித்துவிடுங்கள்.

அபுதாஹிர்


விருதுநகர்
14-8-1959

மச்சான் அவர்களுக்கு,

நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், பெயர் சங்கையா. ஆடி அமாவாசையன்று அப்பாவுக்குத் திதி கொடுக்க மனைவியோடு சிப்பிக்குடா போயிருக்கிறார். திதி முடிந்ததும் தீவைப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறார்கள். வலைக்காரர்கள் அவரை இழுத்துப்போட்டார்கள். மனைவி மாரித்தாய் மறுநாள்தான் கரை ஒதுங்கினாள்.

நாலு பேர் புத்தகமும் அரிவாளுமாகக் கடைக்கு வந்துவிட்டார்கள். "எவம்லே இதை எழுதினவன்?" என்று ஒரே சத்தம். நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னேன். எழுதியது என் மச்சான், தூத்துக்குடியில் இருக்கிறார் என்றேன். வாய்ச்சொல்லை நம்பமாட்டார்கள் என்பதால், மீதிப் பிரதிகளுக்குப் புது அட்டை அடித்துப் போட்டுவிட்டேன். 'ஆசிரியர்: சுக்கானி செய்யது அபுதாஹிர், தூத்துக்குடி.' உங்கள் உழைப்பை நான் திருடிக்கொண்டேன் என்றுதானே முதலில் சண்டைக்கு வந்தீர்கள்? இப்போது திருப்தியா?

கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

பீர் முகைதீன்


தூத்துக்குடி
2-9-1959

பீர் முகைதீனுக்கு,

ஒரு துண்டுச் சீட்டு அடிக்க இல்லாத மெஷின், ஆள் செத்த பத்தாம் நாள் அட்டை அடிக்க எங்கிருந்து வந்தது? ரத்தினசாமி இப்போது மட்டும் உம்மைத் திரி கட்டவில்லையா? பதில் எழுத வேண்டாம். எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும்.

வராதே என்றீர். வந்தேன். சனிக்கிழமை நீர் கடைக்குப் போன பிறகு உம் வீட்டுக்கு வந்தேன். மல்லாங்கிணறு போகிறேன் என்றதும் ஷரீஃபா துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். திரும்பி வரும்போது விருதுநகரில் பஸ் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. "இறங்கலையாம்மா?" என்றேன். "எங்கன போயி இறங்க?" என்றாள். இப்போது இங்கேதான் இருக்கிறாள். கூட்டிப்போக வராதீர். நான் தடுக்கவில்லை, அவள்தான் வேண்டாம் என்கிறாள்.

சங்கையா வீட்டில் அரிவாள் எதுவும் இல்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான்தான் என்றேன். உம் பெயரை நான் எடுக்கவே இல்லை. அவராகவே சொன்னார்.

"எனக்கு எழுத்து வாசனை கெடையாது பாய். அவதான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவ. புஸ்தகத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே முன்னால போனா. தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. திரும்பிருவம்டின்னேன். 'முழங்கால்தான்னு போட்டிருக்கு, இன்னும் ரெண்டு எட்டுல கொறஞ்சிரும், வாங்க'ன்னா. அம்புட்டுத்தான் பாய் நான் கேட்டது."

ஷரீஃபா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அது பங்குனியில் எழுதியது, ஆடிக்குப் பொருந்தாது, திருத்தச் சொல்லி எத்தனையோ கடிதம் போட்டேன் என்று நான் சொன்னேன். எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"முன்னமே தெரியுமா ஒங்களுக்கு?" என்றார்.

"மே மாசமே தெரியும்."

"அப்பம் ஒரு எட்டு வந்து கடையில நின்னு நாலு பேருகிட்டச் சொல்லியிருக்கலாமே பாய்? தூத்துக்குடி என்ன, சீமையிலயா இருக்கு?"

ஜூன் முழுக்க நான் கரையில்தான் கிடந்தேன். அரை நாள் பஸ் பயணம். நீர் முதலில் இறங்கி வர வேண்டும், உம் வாசலை நான் மிதிப்பதாவது என்று வீம்பாக உட்கார்ந்து உமக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அட்டையில் என் பெயர் இருக்கட்டும். இனி உமக்கு நான் எழுத மாட்டேன்.

செய்யது அபுதாஹிர்