கடைசிச் சரணத்தில் அணைகிற செட்டு

பழைய ஆம்ப்ளிஃபயரை நேற்று இறக்கி வைத்தேன் மாப்ளே. உயிர் இருக்கிறதா பார்ப்போமே என்று ப்ளக்கைச் சொருகியதும், உள்ளே படிந்த தூசி சூடேறிக் கருகுகிற வாசனை வந்தது. வேப்பந்தட்டை சபையின் ஞாயிற்றுக்கிழமை வாசனை. வால்யூம் திருகியின் இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. சிரித்துவிட்டேன். பிறகு உன்மேல் கோபமாக வந்தது, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயே என்று.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் சபைக்குக் கிட்டார் வந்ததே உன்னால்தான். பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்க் கற்றுக்கொண்டு வந்தாய். நீ வாசிப்பாய், மைக், பாக்ஸ் எல்லாம் என் பொறுப்பு. சபை சின்னது, சத்தம் பெரிது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிரும். முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

அந்த மைக் செட்டுக்குத்தான் அப்படியொரு சீக்கு வந்தது. பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். கடைசிச் சரணத்தில் பொட்டென்று எல்லாம் அடங்கிவிடும். கரண்ட் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றுகிறது. சனங்கள் வெறும் தொண்டையில் பாடி முடித்ததும் செட்டு மறுபடி பேசும். நான் ஃப்யூஸ் மாற்றினேன், வயர் மாற்றினேன், கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"கிட்டார் வந்ததுலேர்ந்துதான் பாஸ்டர் இப்புடி. ஏதோ ஆவி கூடவே வந்துருக்கு. வந்த வெலைக்குத் தள்ளிவுட்டுருவோம்" என்றார் ஒரு மூப்பர். பாஸ்டர் நல்லவர், ஆம்ப்ளிஃபயருக்கு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினார். அதைத் துடைக்க நான் பட்ட பாடு! அடுத்த வாரமும் அணைந்தது.

ஆவிக்குக் கடைசிச் சரணத்தின்மேல் அப்படி என்ன ஆசை? ஒரு ஞாயிறு பாட்டை விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கால் மெல்ல நகர்ந்துபோய், தரையோரம் இருந்த செட்டு ஸ்விட்சைக் கட்டைவிரலால் தட்டியது. அடப்பாவி!

ஆராதனை முடிந்ததும் உன்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனேன். "லூசாடா நீ? என் மானம் போவுதுடா!"

"எஸ்தர் பாடுறாளான்னு கேக்கணும்டா. செட்டு ஓடுனா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

மீன்சுருட்டியிலிருந்து உனக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், மைக் இல்லாமலே அந்தக் கூரையைத் தூக்கியவள் எஸ்தர். கைக்குழந்தை தவறிப்போனபின் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு தவறாமல் வருவாள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

"பாடுனாளா?"

"வாயி அசையுது. சத்தம் வரல."

"அவகிட்டயே கேளேன்டா."

"கேட்டா அழுவுறா."

அதன்பின் நான் எதையும் கழற்றவில்லை. மூப்பரிடம் "லோ வோல்டேஜுங்க" என்று சாதித்தேன். அணையும்போதெல்லாம் நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். எத்தனையோ ஞாயிறுகள் ஏமாந்தோம். கடைசியில் ஒரு நாள், எல்லோருக்கும் அரைத் தாளம் பின்னால், கரகரவென்று அவள் குரல் வந்தது. நீ கிட்டாரின்மேல் குனிந்துகொண்டாய். அப்புறம் செட்டு அணையவே இல்லை. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

உன்னை அடக்கம் பண்ணிச் சில வாரம் கழித்து எஸ்தர் உன் கிட்டாரைச் சபைக்குக் கொடுக்க வந்தாள். பேச்சுவாக்கில் நான் செட்டு கதையைச் சொல்லப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தெரியும்ண்ணே. கடைசிச் சரணம் வந்தா அவரு காலு நவுருமே, அதத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"அப்பறம் ஏம்மா அவ்வளவு நாளு பாடல?"

"மொதல்ல பாட முடியலண்ணே. அப்பறம் முடிஞ்சுது. ஆனா பாடிட்டா, அவரு கேக்குறத நிறுத்திருவாருல்ல?"

அப்படியென்றால் அந்த ஞாயிறு மட்டும் ஏன் பாடினாள் என்று கேட்டேன். "அவரு மொகத்தப் பாத்தேன், பாவமா இருந்துச்சு" என்றாள்.

அன்றிலிருந்து ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது. இது உனக்குத் தெரியுமா மாப்ளே? உன்னையும் ஒருத்தி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள் என்று தெரிந்துகொண்டுதான் போனாயா?